ஹீட்டிங் தண்ணீரை வடித்தால் மட்டும் போதாது, கழுவ வேண்டும்!

வணக்கம், எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கிலாந்தில் குளிர் இறங்குவதற்கு முன் செய்துவிட வேண்டிய வேலை ஒன்றை இன்றைக்குப் பார்க்கலாம். ரேடியேட்டர்களுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய தண்ணீரை வெளியேற்றி, உள்ளே கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பப் போகிறோம். இது காம்பி பாய்லர், அதாவது ஹீட்டிங்குக்கும் குழாயில் வரும் சுடுதண்ணீருக்கும் ஒரே பாய்லர், பரணில் தொட்டி கிடையாது. தொட்டி வைத்த பழைய அமைப்புக்கு நிரப்பும் முறை வேறு.

முதலில் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். மேலே சில்லென்றும் கீழே சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று, ப்ளீட் செய்தாலே, அதாவது ரேடியேட்டரின் மேல் மூலையில் உள்ள சின்ன வால்வைத் திறந்து காற்றை வெளியே விட்டாலே, சரியாகிவிடும். மேலே நன்றாகச் சுட்டு, கீழே நடுவில் மட்டும் சூடு ஏறவில்லை என்றால் அங்கே சேறு. அது வெளியிலிருந்து வந்த அழுக்கு இல்லை, ரேடியேட்டரின் இரும்பே அரித்து மேக்னடைட் என்ற கறுப்புத் தூளாகப் படிந்திருக்கிறது, காந்தம் வைத்தால் ஒட்டும். அதை இளக்க ஃபெர்னாக்ஸ் எஃப்3 அல்லது சென்டினல் எக்ஸ்400 மாதிரி கிளீனர் ஊற்றி, பாட்டிலில் சொன்ன காலம்வரை ஹீட்டிங்கை ஓட விட வேண்டும்.

இப்போது பாய்லரை அணைத்து, சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துவிட்டு, தண்ணீர் ஆறட்டும். கீழ்த்தளத்தில் எல்லாவற்றுக்கும் தாழ்வாக இருக்கும் இந்த டிரெயின் வால்வில் ஹோஸை மாட்டி கிளிப்பை இறுக்குங்கள். மறுமுனை டாய்லெட்டுக்குள் போகட்டும். தயவுசெய்து மழைநீர் வடிகாலில் விடாதீர்கள், அது நேராக ஓடைக்குப் போய்ச் சேரலாம். மாடியில் ப்ளீட் வால்வைத் திறந்தால் காற்று உள்ளே போய்த் தண்ணீர் வேகமாக இறங்கும்.

தண்ணீர் வடிந்ததும் வேலை முடிந்தது என்று பலரும் அப்படியே நிரப்பிவிடுகிறார்கள், ஆனால் கனமான சேறு அடியிலேயே உட்கார்ந்திருக்கும், அசையவே அசையாது. அதனால் ப்ளீட் வால்வுகளை மூடிவிட்டு, ஒரே ஒரு ரேடியேட்டரை மட்டும் திறந்து வைத்து, மற்றவற்றை அடைத்து, குழாய்த் தண்ணீரை ஹீட்டிங்குக்குள் விடும் இணைப்பான ஃபில்லிங் லூப் வழியாகத் தண்ணீரை விடுங்கள், டிரெயின் திறந்தே இருக்கட்டும். லாக்‌ஷீல்டு வால்வை, அதாவது ரேடியேட்டரின் ஒரு பக்கத்தில் மூடி போட்டிருக்கும் வால்வை, மூடும்போது எத்தனை சுற்று என்று குறித்து வையுங்கள், பிறகு அதே அளவுக்குத் திறந்தால்தான் எல்லா அறைக்கும் சூடு சமமாகப் போகும். ரேடியேட்டரின் அடிப்பக்கத்தை ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். பாருங்கள், மை மாதிரி வருகிறது! தெளிவாக வரும்வரை விட்டுவிட்டு, அடுத்த ரேடியேட்டருக்குப் போங்கள். பொறுமை வேண்டும், நேரம் பிடிக்கும்.

அப்புறம் டிரெயினை மூடி, அரிப்பைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் திரவத்தை, சேற்றைக் காந்தத்தால் பிடிக்கும் மேக்னடிக் ஃபில்டர் வழியாக ஊற்றுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். புதுத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்தான் இரும்பை அரிக்கிறது, இன்ஹிபிட்டர் இல்லாமல் விட்டால் இத்தனை கழுவியும் பலனில்லை. ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீரைச் சோதிக்கச் சொல்கிறது 2019-ம் ஆண்டின் பிஎஸ் 7593 என்ற பிரிட்டிஷ் தரவிதி.

இனி ஃபில்லிங் லூப்பை மெதுவாகத் திறந்து பிரஷரை 1.5 பார் வரை ஏற்றி, கீழ்த்தளத்திலிருந்து மேலே வரிசையாக ப்ளீட் செய்யுங்கள். பிரஷர் இறங்கும், மறுபடி ஏற்றுங்கள். முடிந்ததும் லூப் ஹோஸைக் கழற்றிவிட வேண்டும், இங்கே விதியே அதுதான்.

ஹீட்டிங் போட்டால் பிரஷர் மீட்டரின் முள் 2 பார் பக்கம் போவது சகஜம். குளிர்ந்தபோது 1, சூடானதும் 3 என்று தாவினால் சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் எக்ஸ்பான்ஷன் வெசலில் காற்று குறைந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். 3 பாரில் சேஃப்டி வால்வு திறந்து வெளியே தண்ணீர் கொட்டும். அப்போது கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்பவர்களுக்கான அதிகாரபூர்வப் பட்டியல்) பதிவு பெற்றவரைக் கூப்பிடுங்கள், பாய்லர் மூடியை நீங்கள் கழற்றவே வேண்டாம். நாளைக் காலையில் பாய்லர் ஆறியிருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிகிறது, தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்காமல் அந்தக் கசிவைத் தேடுங்கள்.