சம்பந்தி வீட்டு டப்பா

(மகளிர் சுய உதவிக் குழு ஆண்டு விழாவில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, இன்னொரு கூட்டத்தைப் பாதியில் விட்டு வந்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, என்னிடம் ஆறாம் வகுப்பு படித்து இன்று அதே பள்ளிக்குத் தலைமையாசிரியராக இருக்கும் தம்பி அவர்களே, மைக் செட்காரர் உட்பட யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொன்னாடைக்குப் பதிலாகக் கதர்த் துண்டு போர்த்திய குழுத் தலைவிக்குத் தனி வணக்கம். பீரோவில் ஏற்கெனவே பதினொரு பொன்னாடை கிடக்கிறது.

பால் கவர், கண்ணாடி பாட்டில், அரிசிச் சாக்கு என்று மூன்று செய்தி சொல்ல வந்திருக்கிறேன். சிறு துரும்பும் பல் குத்த உதவும். இது என் அம்மாவின் பழமொழி. இன்றைக்கு நாலைந்து தடவை வரும்.

முதலில் பால் கவர். 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, பாலுக்கும் தயிருக்கும் எண்ணெய்க்கும் விலக்கு கொடுத்தார்கள். ஆகவே தினம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டில் வருஷத்துக்கு 730 கவர் சேர்கிறது. மூலையை வெட்டும்போது அந்தத் துணுக்கைத் தனியாக அறுத்துவிடாதீர்கள், கவரோடு ஒட்டியே இருக்கட்டும். துண்டாகிவிட்டால் அது சாக்கடைக்குத்தான் போகும். கவரை அலசி, துணிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவையுங்கள். அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பினால் கத்தரி, மிளகாய் நாற்றுக்குப் போதும். நடும்போது கவரைப் பக்கவாட்டில் கிழித்தால் வேர் அறுபடாது. மிச்சத்தைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். பூச்சிமருந்து டப்பாவை மட்டும் எத்தனை தடவை கழுவினாலும் வீட்டுப் புழக்கத்துக்கு எடுக்காதீர்கள்.

பாட்டில்... அதற்கு முன்னால் இதைப் பாருங்கள். மூடியில் இரண்டு கிளி போட்ட பிஸ்கட் தகர டப்பா. 1974-இல் அக்காவின் தலைதீபாவளி முடிந்து மன்னார்குடியிலிருந்து கிளம்பும்போது, இதில்தான் அம்மா அதிரசம் அடுக்கிக் கொடுத்தார். பொங்கலுக்குக் கும்பகோணத்திலிருந்து கருப்பட்டியோடு திரும்பி வந்தது. அம்மா வடகம் வைத்து அனுப்பினார், சம்பந்தியம்மா நார்த்தங்காய் வைத்தார். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? இப்படி ஆறேழு வருஷம்.

ஒரு கோகுலாஷ்டமிக்கு அத்தான் கொண்டுவந்தார். அம்மா மூடியைத் திறந்தால், உள்ளே ஒன்றும் இல்லை! நாலைந்து மாதம் அந்த வீட்டுக்கு ஒரு கார்டு போடவில்லை அம்மா. அங்கே சம்பந்தியம்மாவுக்கும் கோபம்: "இரண்டு படி மாவில் சீடை சுட்டு அனுப்பினேன், நன்றாயிருந்தது என்று ஒரு வார்த்தை உண்டா?" கடைசியில் மாட்டுப்பொங்கலன்று அத்தானே அம்மாவிடம் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுட்டான் அத்தை. ஒண்ணுதான் எடுத்தேன்..."

அந்த கேட்டில் நின்றவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, அத்தானைக் குற்றம் சொல்ல முடியுமா?

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்கிறோம். இந்தத் தகரம் இரண்டு குடும்பத்துக்கு உதவியிருக்கிறது. ஏன்? திரும்பி வந்ததால். இங்கேதான் என் பழைய பல்லவி. கடைவீதி ஓட்டல்களில் கொதிக்கிற சாம்பாரைக் கவரில் கட்டித் தருகிறார்கள். அந்தக் கவரைக் கழுவி என்ன செய்வீர்கள்? மஞ்சள் ஒட்டிய அந்தப் பிசுக்கில் நாற்றும் போட முடியாது, எடைக்கும் போட முடியாது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்றது. நான் ‘மீண்டும் தூக்குவாளி’ என்கிறேன். தூக்குவாளி கொண்டுவருகிறவருக்குக் கவர் காசைக் கழித்துக்கொண்டு ஊற்றித் தரட்டும். நகர்மன்றத் தலைவர் மனது வைத்து ஓட்டல்காரர்களை ஒருநாள் கூப்பிட்டுப் பேசினால் நடக்கும். சிரிக்கிறார், சரியென்றே எடுத்துக்கொள்கிறேன்.

தலைவி மணியைப் பார்க்கிறார். பாட்டிலும் சாக்கும் அடுத்த கூட்டத்துக்கு. படிக்கட்டருகே மேசையில் தூக்குவாளி மனு இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். பக்கத்தில் இந்த டப்பாவையும் வைக்கிறேன், ரிப்பன் பக்கோடா இருக்கிறது. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவை மட்டும் யாரும் கொண்டுபோய்விடாதீர்கள்.