குறைந்தது எடையா, கொழுப்பா, தசையா?

[திரையில்: குளியலறை ஓரத்தில் ஓர் எடை மெஷின். எண் துடித்து நிற்கிறது, பிறகு அணைகிறது.]

வணக்கம். மூன்று மாதம் இரவுச் சாப்பாட்டை நிறுத்தி, காலையில் நடந்து, எட்டு கிலோ குறைத்த ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். மெஷின் காட்டும் எண்ணில் அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கல்யாண வீட்டில் அவரைப் பார்க்கும் உறவினர் "நல்லா இளைச்சிட்டீங்களே" என்று சொல்வதில்லை, "ஏன், உடம்புக்கு என்ன?" என்றுதான் கேட்கிறார். கன்னம் ஒட்டியிருக்கிறது, மேற்கைச் சதை தொளதொளவென்று தொங்குகிறது, தொப்பை மட்டும் சற்றுச் சிறுத்து அதே இடத்தில் இருக்கிறது. எட்டு கிலோ போனது உண்மை. எதில் எட்டு கிலோ போனது என்பது அந்த மெஷினுக்குத் தெரியாது. இந்த வீடியோ முழுவதும் நாம் பேசப்போவது அந்த ஒரு கேள்வியைத்தான்.

[திரையில்: ஒரே உயரம், ஒரே எடையில் இரண்டு ஆண்களின் உருவரை.]

2004-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு பக்க அளவே உள்ள ஒரு குறிப்பு வெளியானது. எழுதியவர்கள் புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யூட்கினும். அவர்கள் ஆராய்ந்தது தங்கள் உடம்பையே. இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. எடையை உயரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் பி.எம்.ஐ. என்ற அளவும் இருவருக்கும் 22.3 தான். ஆனால் டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேனில் படுத்துப் பார்த்தபோது யூட்கினின் உடம்பில் 9.1 சதவீதமும், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதமும் கொழுப்பு இருந்தது. யூட்கின் மாரத்தான் ஓடுகிறவர். மற்றவருடைய முக்கிய ஓட்டம், தினமும் காலையில் ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பதுதான் என்று அந்தக் குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் இத்தனை நேர்மையான நகைச்சுவையை நான் அதிகம் பார்த்ததில்லை.

வித்தியாசத்துக்கு ஓட்டம் மட்டுமே காரணமில்லை. ஒரே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரோடு ஒப்பிடும்போது தெற்காசியர் உடம்பில் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். அந்தக் கொழுப்பு தோலுக்கு அடியில் மட்டுமல்லாமல், வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேர்கிறது. கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் முன்தள்ளி இருக்கும் ஆட்களை நம் தெருவில் தேட வேண்டியதில்லை. இதனால்தான் இந்தியர்களுக்குப் பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்றும், 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்றும், இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போகக் கூடாது என்றும் 2009-இல் வெளியான இந்திய மருத்துவர்களின் கருத்தொருமிப்பு அறிக்கை வரையறுத்தது.

[திரையில்: ஓர் உடம்பின் உருவரைக்குள் நீர், தசை, கொழுப்பு, எலும்பு என்று நிறம் பிரிகிறது.]

எடை குறையும்போது என்னவெல்லாம் குறையலாம் என்று பார்ப்போம். முதலில் போவது தண்ணீர். நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது: ஈரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோற்றையும் இட்லியையும் திடீரென்று நிறுத்தினால் இந்தக் கையிருப்பு சில நாட்களிலேயே பெருமளவு கரைந்து, தன்னோடு தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகிறது. மெஷினில் ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்துவிடும். மறுபடி ஒரு நாள் பிரியாணி சாப்பிட்டால் அதே வேகத்தில் திரும்பி வரும்.

"ஒரே வாரத்தில் மூன்று கிலோ கொழுப்பைக் கரைக்கலாம்" என்ற விளம்பரத்தை இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கிலோகலோரி இருக்கிறது. மூன்று கிலோவுக்கு 23,100. ஒரு நாளைக்கு 2,000 கிலோகலோரி செலவழிக்கிற ஒருவர் ஏழு நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் 14,000-தான் ஆகும். மீதிக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று விளம்பரம் சொல்வதில்லை. கொஞ்சம் தண்ணீரிலிருந்து வருகிறது. கொஞ்சம் தசையிலிருந்து வருகிறது.

தசை ஏன் போக வேண்டும்? தசை ஒருமுறை கட்டி முடித்த சுவர் அல்ல. அதிலுள்ள புரதம் ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் உடைந்துகொண்டும் மறுபக்கம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. வரவு குறைந்த குடும்பத்தில் புதுச் செலவை முதலில் நிறுத்துவதைப் போல, சாப்பாடு குறைந்த உடம்பு கட்டுகிற வேலையைக் குறைக்கிறது. உடைகிற வேலை நடந்துகொண்டே இருக்கிறது. உடைந்த புரதத்தின் ஒரு பகுதி ஈரலுக்குப் போய் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. உடற்பயிற்சியே இல்லாமல் உணவைக் குறைத்து மட்டும் எடை இழப்பவர்களுக்கு, இழந்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருக்கும் என்பது இத்துறையில் நெடுநாளாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. இந்தக் கால் பங்கு முழுவதும் தசை அல்ல, தண்ணீரும் அதில் உண்டு. ஆனாலும் தசைக்கும் அதில் நல்ல பங்கு இருக்கிறது.

[திரையில்: கறுப்பு வெள்ளை உருவரை; நடைப்பயிற்சி செய்யும் மெலிந்த ஆண்கள்.]

இதன் கோர முகத்தை ஒரு பழைய ஆய்வில் காணலாம். இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில், 1944 நவம்பரில் தொடங்கிய அந்த ஆய்வில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு அரைப்பட்டினி போட்டார். 24 வாரங்களில் அவர்கள் உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். கொழுப்பு போனதோடு கையிலிருந்த பலமும் போனது. கணுக்காலில் நீர் கோத்துக் கால் வீங்கியதால், உண்மையில் இழந்த திசுவின் அளவை எடை மெஷின் குறைத்தே காட்டியது. எடையும் உயரமும் கொண்ட அந்தப் பழைய வாய்ப்பாட்டுக்கு 1972-இல் பி.எம்.ஐ. என்று இன்றைய பெயரைச் சூட்டியவர்களில் முதன்மையானவரும் இதே கீஸ்தான்.

[திரையில்: 'டோன்' என்ற சொல்.]

இனி, ஜிம்மில் அன்றாடம் புழங்கும் 'டோன்' என்ற சொல்லுக்கு வருவோம். "எனக்குப் பெரிய உடம்பு வேண்டாம் சார், டோன் ஆனால் போதும்" என்று கேட்காத ஆள் இல்லை. நரம்பியல் மருத்துவர் டோன் என்று சொல்வது வேறு. நீங்கள் கையைத் தளரவிட்டிருக்கும்போது அவர் உங்கள் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்ப்பார். அப்போது தசை தானாகக் காட்டும் மெல்லிய எதிர்ப்புதான் தசை முறுக்கு. அது நரம்பின் வேலை. பக்கவாதம் போன்ற நோய்களில் அது மிகும் அல்லது குறையும். ஜிம்மில் கேட்கப்படும் டோனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே கேட்கப்படுவது இரண்டு பொருள்களின் சேர்க்கை: அடியில் போதுமான தசை இருக்க வேண்டும், அதன் மேலுள்ள கொழுப்புப் படலம் மெல்லியதாக இருக்க வேண்டும். தசையை 'இறுக்குவது' என்று தனியாக ஒரு வித்தை கிடையாது. கொழுப்பு தசையாக மாறுவதும் இல்லை. இரண்டும் வேறு வேறு உயிரணுக்கள். மெலிந்த பிறகும் தொளதொளவென்று தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் தசை குறைவு. நிறைய எடை இழந்தவர்களுக்குத் தோல் சுருங்காமல் நிற்பதும் காரணம். தோல் தளர்ச்சியை எந்த டம்பெல்லும் சரி செய்யாது.

கைச்சதை குறையக் கைக்கு மட்டும், தொப்பை குறைய வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்யும் வழக்கம் பரவலாக இருக்கிறது. 1971-இல் வெளியான ஓர் ஆய்வில் டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் அளந்து பார்த்தார்கள். பல வருடம் மட்டை பிடித்த கை மற்றக் கையைவிடப் பருத்திருந்தது. ஆனால் தோலடிக் கொழுப்பின் கனம் இரண்டு கையிலும் ஒன்றாகவே இருந்தது. கொழுப்பு எந்த இடத்திலிருந்து முதலில் போக வேண்டும் என்று உங்களிடமோ பயிற்சியாளரிடமோ உடம்பு கேட்பதில்லை.

[திரையில்: ஒரு தட்டில் நான்கு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார்.]

தசையைக் காப்பாற்ற இரண்டு காரியங்கள் தேவை. ஒன்று சாப்பாடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் பரிந்துரைத்த புரத அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். அது எடை மாறாமல் இருப்பவருக்கான அளவு. எடை குறைப்பவருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை பொதுவாகச் சொல்லப்படுகிறது, அதாவது 72 கிராமுக்குக் குறையாமல். இப்போது தட்டைப் பாருங்கள். ஓர் இட்லியில் சுமார் இரண்டு கிராம் புரதம், நான்குக்கு எட்டு. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். வேகாத துவரம்பருப்பு 100 கிராமில் 22 கிராம் புரதம் இருப்பது சரிதான், ஆனால் ஒரு கிண்ணம் சாம்பாரில் விழும் பருப்பு ஒரு பிடிகூட இராது. கிடைப்பது மூன்று நான்கு கிராம். மத்தியானம் சோறு, ரசம், பொரியல், இரவு மூன்று தோசை என்று நாள் முடிந்தால் மொத்தம் 40 கிராமை எட்டுவதே கடினம். இதே தட்டைப் பாதியாக்கி 'டயட்' என்று பெயர் வைத்தால் புரதமும் பாதியாகிறது. தவறு அங்கேதான் நடக்கிறது. இட்லியைக் குறைத்து இரண்டு முட்டை வைத்தால் 12 கிராம். மத்தி மீன் 100 கிராம் என்றால் சுமார் 20. சைவர்களுக்குக் கெட்டியான பருப்பு, சுண்டல், பன்னீர், சோயா உருண்டை இருக்கின்றன. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. பசியைக் குறைக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம், ஏனென்றால் அவர்கள் சாப்பிடுவதே நான்கு வாய்.

[திரையில்: ஒருவர் பஸ்கி எடுக்கிறார், பிறகு தோளில் ஒரு பையுடன் அதே பஸ்கி.]

மற்றது, தசைக்குப் பாரம் கொடுப்பது. 2016-இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்றில் இளைஞர்களுக்கு நான்கு வாரம் தேவையைவிட 40 சதவீதம் குறைவான உணவு கொடுத்துக் கடுமையாகப் பயிற்சி செய்ய வைத்தார்கள். கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் பெற்ற குழு 4.8 கிலோ கொழுப்பை இழந்து, 1.2 கிலோ கொழுப்பல்லாத எடையைக் கூட்டிக்கொண்டது, 1.2 கிராம் பெற்ற குழு 3.5 கிலோ கொழுப்பை இழந்து, தசையை ஏறக்குறைய அப்படியே தக்கவைத்தது. பாதிப் பட்டினியிலும் பாரம் தூக்கியவர்களிடம் தசை கரையவில்லை என்பதுதான் என் கண்ணில் பெரிய செய்தி. நமக்கு அத்தனை கடுமை வேண்டாம். பெருந்தசைகள் அனைத்துக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாத்தா காலத்துத் தண்டாலும் பஸ்கியும் இதற்குப் போதும், ஒரு நிபந்தனையோடு: இருபது பஸ்கி சுலபமாகிவிட்டால் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். பாரம் கூடாத இடத்தில் தசைக்கு வளரக் காரணமில்லை.

தசை கூடினால் உட்கார்ந்த இடத்திலேயே கலோரி எரியும் என்ற பேச்சைப் பெரிதாக நம்ப வேண்டாம். ஓய்வில் ஒரு கிலோ தசை நாளொன்றுக்குச் சுமார் 13 கிலோகலோரி செலவழிக்கிறது. ஒரு கிலோ கொழுப்பு சுமார் 4.5. இரண்டு கிலோ தசை கூட்டியவருக்குக் கிடைக்கும் லாபம் அரை பிஸ்கட்.

[திரையில்: கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின், பக்கத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்.]

வீட்டில் எப்படி அளப்பது? கொழுப்பைக் காட்டும் மெஷினில் ஏறி நிற்கிறேன்: 68.4 கிலோ, கொழுப்பு 29.1 சதவீதம். இறங்கி, ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு உடனே ஏறுகிறேன்: 69.4 கிலோ, கொழுப்பு 29.8. நான் குடித்தது எண்ணெய் அல்ல. மெஷின் பாதத்தின் வழியே மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, அது எவ்வளவு தடைபடுகிறது என்பதையும் என் உயரம், வயது, பாலினம், எடை ஆகியவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகிக்கிறது. வயிற்றுக்குள் கிடக்கும் தண்ணீர் மின்தடையை மாற்றுவதில்லை. எடையைக் கூட்டியதால் பெரும்பகுதி கொழுப்புக் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆகவே காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிக்குமுன் ஏறுங்கள். அந்த எண்ணின் மாதக்கணக்கான போக்கைப் பாருங்கள், ஒரு நாள் எண்ணை அல்ல. டெக்ஸா இன்னும் துல்லியமானது, ஆனால் மாதாமாதம் எடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

தையற்காரரின் இஞ்ச் டேப் போதும். விலாவின் கடைசி எலும்பை விரலால் தொட்டு அடையாளம் வையுங்கள். பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டு இன்னோர் அடையாளம். இரண்டுக்கும் நடுவில், தரைக்கு இணையாக டேப்பைச் சுற்றி, வயிற்றை உள்ளிழுக்காமல், சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். பெரும்பாலோருக்கு இந்த இடம் பேன்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வரும். ஒரு நோட்டில் தேதி, எடை, இந்தச் சுற்றளவு, ஒரே மூச்சில் எடுக்க முடிந்த தண்டால் எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுதுங்கள். நான்கு வாரம் கழித்து எடை ஒரு கிலோவே குறைந்திருந்து, சுற்றளவு மூன்று சென்டிமீட்டர் குறைந்து, தண்டால் எட்டிலிருந்து பன்னிரண்டாகியிருந்தால், போனது கொழுப்பு. எடை நான்கு கிலோ குறைந்து தண்டால் எட்டிலிருந்து ஐந்துக்கு இறங்கியிருந்தால், சாப்பாட்டில் ஓர் இட்லியை மேலும் குறைப்பதற்கு முன் முட்டையையும் அரிசிப் பையையும் எடுங்கள்.