மனசு இருக்கிறது, ஆள்தான் இல்லை

நடுவர் அவர்களே, தண்டையார்பேட்டைப் பெரியவர்களே, வணக்கம். முதியவர்களின் அன்றாடத் தேவைகள் கவனிப்பாரற்றுப் போவதற்குக் காரணம் பிள்ளைகளின் மனமா, ஆள் இல்லாத நிலையா என்பது தலைப்பு. பிள்ளைகள் மனசில் ஈரம் வற்றிவிட்டது என்று எதிரணி அண்ணன் கண் கலங்கப் பேசினார். அவரை எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு அழைத்துப்போக வேண்டும்.

லிஃப்ட் கிடையாது. அங்கே 78 வயது அம்மா ஒருவர். மகள் ஆறரைக்குத் தையல் கம்பெனிக்குக் கிளம்பணும். அதற்குள் கீழே அடிபம்பில் நாலு குடம் அடித்து மேலே ஏற்றி, அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, இட்லியைப் பிட்டு ஊட்டி, மதியச் சோற்றை மூடிக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் போகிறாள். இவளுக்கா மனசில்லை? ராத்திரி ஏழு மணிக்குத் திரும்பினால், சொம்புத் தண்ணீர் வைத்தது வைத்தபடி இருக்கும். குடித்தால் ஒன்றுக்குப் போகணும், பிடித்துக் கூட்டிப்போக ஆளில்லை. அதனால் அந்தம்மா பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. உதடு வெடித்து, நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலோடு போன மாதம் ஸ்டான்லியில் சேர்த்தோம்.

ஒரு வீட்டுக் கதை இல்லை இது. 2017-18-இல் நாடு முழுக்க எடுத்த முதுமை ஆய்வில், 60 வயது கடந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது போன்றவற்றில் ஏதாவது ஒன்றாவது சிரமம் என்று தெரிந்தது.

சட்டம் இருக்கிறதே என்றார் அண்ணன். சரி, 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகளிடம் வாங்கித் தரலாம். கைவிடப்பட்டவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் பகல் பதினொரு மணிக்குக் கைத்தாங்கலாக எழுப்பிவிட எந்தத் தீர்ப்பாயம் உத்தரவு போடும்? 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் தருகிறது. படியிறங்க முடியாதவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி! ஆனால் அந்த மாத்திரையை விழுங்கும் அளவுக்குக்கூடத் தண்ணீர் குடிக்க அந்த மூன்றாவது மாடி அம்மா பயப்படுகிறாரே, அதுதான் என் கவலை.

மகள் வேலையை விடட்டும் என்கிறார்கள். விட்டால் வாடகைக்கும் டயாப்பருக்கும் யார் தருவார்? அதிலும், மகனை வேலையை விடச் சொல்லி ஒருவரும் சொன்னதில்லை.

வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு அங்கன்வாடி இருக்கிறது. அதுபோல, பகலில் மாடியேறி வந்து பார்க்க ஒரு குடியிருப்பு பிளாக்குக்கு ஒருவரையாவது, பயிற்சியும் ஒழுங்கான சம்பளமும் கொடுத்து அரசு அமர்த்தட்டும். எங்கள் தெருவிலேயே அதற்குப் பெண்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாமல் அந்த மகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.