நொறுங்குவது தலையெழுத்தா?

நண்பர்களே, உலோகத்தை அடித்தால் தகடாகும், இழுத்தால் கம்பியாகும். அலோகம் என்றால் உடைந்துவிடும். பள்ளியில் இப்படித்தான் படித்தோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் பிஸ்மத் உலோகம்தான். சுத்தியலால் ஒரு போடு போட்டால் சில்லுசில்லாகிவிடும். துத்தநாகம் சாதாரணச் சூட்டில் விரிசல் விடும். 100 முதல் 150 டிகிரி செல்சியஸில் அதையே அழகாகத் தகடு உருட்டலாம். 200 டிகிரியைத் தாண்டிச் சூடேற்றினால் மறுபடி நொறுங்கும். ஆக, தனிமத்தின் பெயரை மட்டும் வைத்து அது வளையுமா, உடையுமா என்று சொல்லிவிட முடியாது. இதற்கு டங்ஸ்டனைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

டங்ஸ்டனின் உருகுநிலை சுமார் 3,420 டிகிரி. மின்விளக்கின் இழைக்கு வேறென்ன வேண்டும்? 1904-இல் யூஸ்ட், ஹனமன் என்ற இருவர் ஹங்கேரியில் டங்ஸ்டன் இழைக்குக் காப்புரிமை பெற்றார்கள். வெளிச்சம் பிரமாதம். ஆனால் இழை லேசான அதிர்ச்சியைக்கூடத் தாங்கவில்லை.

அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் இருந்த வில்லியம் கூலிட்ஜ் இதில் வருடக்கணக்காக மல்லுக்கட்டினார். டங்ஸ்டன் தூளை அழுத்திக் கட்டியாக்கி, மின்சாரம் பாய்ச்சி இறுகவைத்து, சூட்டோடு சுற்றிச் சுற்றி அடித்து மெலியவைத்தார். பிறகு வைர அச்சின் துளை வழியே இழுத்தார். 1910 வாக்கில், ஆறிய பிறகும் வளைகிற கம்பி கைக்கு வந்துவிட்டது. செம்புக் கம்பியை அடிக்க அடிக்க அது விறைக்கும். டங்ஸ்டனோ அடி வாங்க வாங்க வளைந்து கொடுத்தது!

காரணம் உள்ளே இருக்கிறது. தங்கத்தில் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று எளிதாக வழுக்கும். டங்ஸ்டனில் அப்படி வழுக்கச் சூடு வேண்டும். போதாததற்கு, படிகமணிகள், அதாவது உலோகத்துக்குள் நெருங்கி ஒட்டியிருக்கும் குட்டிக் குட்டிப் படிகங்கள், ஒன்றோடொன்று ஒட்டும் எல்லைகள் பலவீனமானவை. விரிசல் அந்த வழியாகவே ஓடிவிடும். சூட்டில் அடித்து இழுக்கும்போது மணிகள் நீண்ட நார்களாகின்றன. குறுக்கே ஓட விரிசலுக்கு நேர்வழி கிடைப்பதில்லை.

1928-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூலிட்ஜின் காப்புரிமை செல்லாது என்றது. வளைவது தூய டங்ஸ்டனின் இயற்கைக் குணம், அவர் அதைப் படைக்கவில்லை என்பது வாதம். எனக்கு இதில் உடன்பாடில்லை. பழைய குண்டு பல்பைக் குலுக்கினால் இழை சட்டென்று அறுவது ஏன்? பல நாள் எரிந்த சூட்டில் நார்கள் கலைந்து, பெரிய மணிகளாகத் திரும்ப வளர்ந்துவிடுகின்றன. உலோகம் அதேதான், கூலிட்ஜ் உள்ளே கட்டிய அமைப்புதான் போய்விட்டது.

சரி, விளக்கோடு இது முடிந்த கதையா? இல்லை. பிரான்சில் கட்டப்படும் ஐடர் அணு இணைவு உலையின் உட்சுவருக்கும், பெரிலியத்தை விட்டுவிட்டு, டங்ஸ்டனையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அங்கே சூட்டோடு நியூட்ரான்களும் தாக்கும். அந்தத் தாக்குதலில் டங்ஸ்டன் இன்னும் எளிதில் உடைகிற பொருளாகும். கூலிட்ஜ் மல்லுக்கட்டிய அதே நொறுங்கலோடுதான் இன்றைய ஆய்வாளர்களும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.