நெடுஞ்சாலைக்கு இரண்டு பக்கம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரியில் கிரானைட் கல்லை அறுத்து மெருகேற்றும் இயந்திரங்களோடு வளர்ந்தவன் நான். அந்தத் தொழில்தான் என்னைத் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் பல ஆண்டுகள் குடியிருக்க வைத்தது. அங்கே சாண்டன், அலெக்சாண்ட்ரா என்று அருகருகே இரண்டு பகுதிகள். நடுவே ஒரு நெடுஞ்சாலைதான்.

சாண்டனில் பங்குச்சந்தை இருக்கிறது. மண்டேலாவுக்கு ஆறு மீட்டர் உயர வெண்கலச் சிலை இருக்கிறது. வீட்டுச் சுற்றுச்சுவர்களின் மேல் மின்வேலி ஓடும். சாலையைத் தாண்டினால் அலெக்சாண்ட்ரா. ஒரு வீட்டு முற்றத்திலேயே பல தகரக் கொட்டகைகள், அத்தனை குடும்பங்களுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். 1941இல் இளைஞராக நகரத்துக்கு வந்த மண்டேலா தங்கியதும் இதே அலெக்சாண்ட்ராவில், ஒரு பின்கட்டு அறையில்தான். பஸ் காசு மிச்சப்படுத்த வேலைக்கு நடந்தே போயிருக்கிறார்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்து இதைச் சொன்னால், "எல்லாம் அவரவர் தலையெழுத்து" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பொறுக்காது. தலையெழுத்து இல்லை, நேயர்களே, சட்டம்! 1913இல் அங்கே ஆண்ட வெள்ளையர்கள் ஒரு நிலச் சட்டம் போட்டு, நாட்டு நிலத்தில் சுமார் 7 விழுக்காட்டுக்குள் கறுப்பின மக்களை அடைத்தார்கள். அலெக்சாண்ட்ரா அதற்கு முந்தைய ஆண்டே உருவாகிவிட்டதால், அவர்களால் சொந்தமாக மனை வாங்க முடிந்த ஒருசில இடங்களில் அதுவும் ஒன்றானது. அதனால்தான் அத்தனை நெருக்கம். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுச் செய்த காரியம் அது.

நான் வாடகைக்கு இருந்த வீட்டைச் சுத்தம் செய்ய ஓர் அம்மா அலெக்சாண்ட்ராவிலிருந்து வருவார். அங்கே ஏழைகளின் வண்டி மினிபஸ் டாக்ஸி. ஊர்ப்பெயர்ப் பலகை கிடையாது, கண்டக்டர் கிடையாது. சாலையோரம் நின்று விரலால் சைகை காட்ட வேண்டும். ஆள்காட்டி விரலை மேலே நீட்டினால் நகரத்துக்குப் போகிறேன் என்று பொருள். ஊருக்கு ஊர் சைகை மாறும். அந்த அம்மாதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். பின் இருக்கைக்காரர் தரும் காசு தோள் தோளாகக் கைமாறி முன்னால் போகும், சில்லறை அதே வழியில் திரும்பி வரும். ஒரு காசு குறைந்து நான் பார்த்ததில்லை. விடியுமுன் அலெக்சாண்ட்ரா பக்கத்து ஜனங்கள் சாண்டன் பக்கத்து வீடுகளுக்குப் போவார்கள். இரவில் திரும்புவார்கள். சாண்டன் பக்கத்தார் அலெக்சாண்ட்ராவுக்கு வருவதே இல்லை. தூரத்துக்கான கூலியை எப்போதும் ஏழைதான் கொடுக்கிறார். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1957இல் என்ன நடந்தது தெரியுமா? பஸ் கட்டணத்தை நான்கு பென்னியிலிருந்து ஐந்தாக்கினார்கள். ஒரே ஒரு பென்னி! அலெக்சாண்ட்ரா மக்கள் பஸ்ஸில் ஏற மறுத்துவிட்டார்கள். போக வர ஏறத்தாழ 30 கிலோமீட்டர், வெயிலிலும் மழையிலும் நடந்தார்கள். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டில் துணி துவைத்த பெண்களும் நடந்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில். கடைசியில் பழைய கட்டணமே நிலைத்தது. பஸ் கம்பெனிக்குக் குறைந்த பணத்தை ஈடுகட்ட வேலை கொடுப்பவர்களிடமே வரி வாங்கச் சட்டமும் வந்தது. அந்த அம்மாவின் தாயாரும் அப்போது நடந்தவராம். அதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

2021இல் நம் மாநிலத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது, எனக்கு அவர்களுடைய நினைவுதான் வந்தது. பூப்பறிக்கவும் வீட்டு வேலைக்கும் போகிற பெண்களுக்கு மிச்சமாகும் அந்தச் சில ரூபாயை இலவசம் என்று இளப்பமாகப் பேசாதீர்கள்.

நேரம் நெருங்கிவிட்டது என்கிறார்கள். ஓசூரைப் பற்றி விரிவாகப் பேச வந்தேன், முடியவில்லை. அடுக்குமாடி எழுப்ப வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அந்தக் கட்டடத்தின் நிழலிலேயே தகரக் கொட்டகையில் குடியிருக்கிறார்கள். நம் தருமபுரிக்காரர்களும் பெங்களூரில் அப்படித்தான் இருக்கிறார்கள். ஓசூரில் வீடு வாங்கப் போகிறவர்கள், கட்டுமான நிறுவனத்திடம் சதுர அடி விலையோடு இன்னொன்றையும் கேளுங்கள்: வேலையாட்கள் எங்கே தூங்குகிறார்கள், குழாய் எத்தனை, கழிப்பறை எத்தனை? நன்றி, வணக்கம்.