பதினோராவதாக வந்த பையன்

நேயர்களுக்கு வணக்கம். காட்பாடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

டிரையத்லான் என்றொரு விளையாட்டு. முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். நடுவில் கடிகாரத்தை நிறுத்த மாட்டார்கள். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். அங்கே 1500 மீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். ஸ்பிரின்ட் என்றால் எல்லாமே அதில் பாதி.

ஒரு ஸ்பிரின்ட் போட்டியில் அணைக்கட்டுப் பக்கத்துப் பையன் ஒருவனைப் பார்த்தேன். பதினேழு வயது. நீச்சல் பழகியது மாமா வீட்டுக் கிணற்றில். கிணற்று நீச்சலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் ரூம் மேலேறிக் குதிக்காத பிள்ளை நம் பக்கத்தில் உண்டா? ஆனால் கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும். நேராக நீந்திப் பழக்கமே கிடையாது. ஏரியில் வளைந்து வளைந்து போனான். அப்படிப் போயும் எட்டாவதாகக் கரையேறினான்!

அடுத்து சைக்கிள். ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். அது அவனுக்குத் தெரியாது. நடுவர் நிறுத்தி மாட்டச் சொன்னார். சைக்கிளோ பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்தது, கியர் ஏது? பதினாறாவது இடத்துக்குப் போய்விட்டான். சைக்கிளில் வெகுதூரம் மிதித்துவிட்டு இறங்கினால் கால் மரக்கட்டையாக இருக்கும், உங்களுக்கே தெரியும். அந்தக் காலோடு, செருப்புகூட இல்லாமல், ஐந்து பேரை முந்தினான். பதினோராம் இடம்.

பரிசு மூன்று பேருக்கு. மைக்கில் இவன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அதே சைக்கிளை மிதித்து ஊருக்குப் போனான். அடுத்த போட்டிக்கு வரவில்லை. நான் போய்த் தோளைத் தட்டியிருக்கலாம், தட்டவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

நம் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த்தில் பளுதூக்கித் தங்கம் வாங்கினார். ஊரே கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். நான் கேட்பது, முதல் போட்டியில் பதினோராவதாக வரும் பிள்ளையை யார் கவனிப்பது என்பதுதான்.

வட்டாரப் போட்டி நடத்துகிறவர்கள் இரண்டு பரிசு தனியாக வையுங்கள். இளையோருக்கு ஒன்று, புதுமுகத்துக்கு ஒன்று. இரண்டும் ஒன்றல்ல. உலக அளவில் ஜூனியர் என்றால் 16 முதல் 19 வயது. புதுமுகம் நாற்பது வயது நர்ஸாகவும் இருக்கலாம். நைட் டியூட்டி முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வருகிறவராக இருக்கலாம். இருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காதீர்கள். ஜூனியரிலும் இடத்தை மட்டும் பார்க்காதீர்கள். பதினாறு வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் குழந்தையாகவே இருப்பான். முதல் போட்டிக்கும் மூன்றாம் போட்டிக்கும் எவ்வளவு நேரம் குறைத்தான், ஓட்டத்தில் எத்தனை பேரை முந்தினான் என்று எழுதி வையுங்கள். கோப்பை வாங்கக் காசில்லையா, பரவாயில்லை. பெயரை மைக்கில் சொல்லுங்கள். ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. பெண் பிள்ளைகளைப் பற்றி நிறையக் குறித்து வந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஏரிக்கரையில் அவர்கள் உடை மாற்றத் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை வேண்டும். அது இல்லாத போட்டிக்கு எந்த அம்மா மகளை அனுப்புவார்? நன்றி, வணக்கம்.