கோச்சியா விதைய மண்ணுக்குள்ள புதைக்காதீங்க

வணக்கம் நேயர்களே. விதையிலேர்ந்து கோச்சியாங்கிற அழகுச் செடி வளர்க்குறத பத்தி பேச கூப்ட்டிருக்காங்க. ஆனா முதல் தடவை எனக்கு ஒண்ணு கூட முளைக்கல, அத மறைக்க விரும்பல. அவரை கொட்டை ஊன்ற மாதிரி விரலால குழி போட்டு, விதைய உள்ள தள்ளி, மேல மண்ணு மூடி, ரெண்டு வாரம் தினமும் எட்டி எட்டி பாத்துட்டு கடைசியில விதை வித்தவர திட்டினேன், பாவம் அவர் மேல தப்பே இல்ல.

இந்த விதைக்கு வெளிச்சம் பட்டாத்தான் நல்லா முளைப்பு வரும். கடுகு மாதிரி பொடி விதைங்க, ஈர மண்ணு மேல தூவி உள்ளங்கையால லேசா அமுக்கி விட்டா போதும், சொம்புல தண்ணி ஊத்தினீங்கன்னா மொத்தமும் ஒரு மூலைக்கு ஓடிடும், அதனால ஸ்ப்ரேயர்தான். 20 டிகிரி சூடு இருந்தா ஒண்ணு ரெண்டு வாரத்துல தலை காட்டிடும். பழைய பாக்கெட்ட மட்டும் நம்பாதீங்க, முளைப்புத்திறன் சீக்கிரமே போயிடும்.

நாத்து சின்னதா இருக்கும்போதே எடுத்து நட்டுடுங்க. செடிக்கு செடி 45 லேர்ந்து 60 சென்டிமீட்டர் இடைவெளி, இதுல மட்டும் கஞ்சத்தனம் கூடவே கூடாது, ஏன்னா கோச்சியாவோட அழகே கத்தரியே படாம முட்டை மாதிரி தானா உருண்டு வர்றதுதான், நெருக்கி நட்டா இடிச்ச பக்கம் மொட்டையா போயிடும், அப்புறம் எத்தனை வெட்டினாலும் அந்த உருண்டை வராது. நல்ல வெயில் வேணும், தண்ணி தேங்கக் கூடாது. உப்பு மண்ண கூட தாங்கிக்கும், ஆனா பாசத்துல உரத்த அள்ளி கொட்டினா கொழுத்து நடுவுல பிளந்து சாஞ்சிடும்.

ஒரே சீசன்ல 60, 90 சென்டிமீட்டர் வளந்து, பகல் குறைஞ்சு ராத்திரி குளிர ஆரம்பிச்சதும் பச்சை சிவப்பா மாறும். ஜப்பான்ல ஹிட்டாச்சி கடலோர பூங்கால அக்டோபர்ல ஒரு மேடு பூரா சிவந்து கிடக்குற போட்டோ பாத்திருப்பீங்க, அது இதேதான். குளிரே வராத இடத்துல அந்த சிவப்ப எதிர்பாக்காதீங்க, பச்சை பந்தாவே ரசிச்சுக்கலாம்.

இதுக்கு இன்னொரு முகமும் உண்டு. வட அமெரிக்காவுல இது வயக்காட்டு களை, காஞ்ச செடி அடியில முறிஞ்சு காத்துல உருண்டுக்கிட்டே விதைய சிந்திட்டு போகும். அதனால விதை உதிர்றதுக்கு முன்னாடியே புடுங்கிடுங்க. இதோட அறிவியல் பேர்ல வர்ற ஸ்கோபாரியாங்கிறது லத்தீன்ல துடைப்பத்த வச்சு வந்த வார்த்தை, நானும் ஆசைப்பட்டு காஞ்ச செடிங்கள கட்டி வாசல் கூட்டினேன். அடுத்த சீசன், படிக்கட்டு இடுக்குல கூட வரிசையா முளைச்சு நிக்குது, யாரும் குழி போடல, மண்ணும் மூடல.